சட்டையில் எண் உண்டு, பெயர் இல்லை: அமெரிக்கக் கல்லூரி வீரர்களும் சம்பளக் கேள்வியும்

2019 பிப்ரவரி 20, இரவு. ட்யூக் பல்கலைக்கழகமும் வட கரோலினா பல்கலைக்கழகமும் மோதும் கூடைப்பந்தாட்டம். முன்னாள் அதிபர் ஒபாமா பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டம் தொடங்கி 36 விநாடிதான் ஆகியிருக்கும். ட்யூக்கின் 18 வயது வீரர் ஸயான் வில்லியம்சன் பந்தோடு திரும்பும்போது இடது கால் வழுக்குகிறது. போட்டிருந்த நைக் ஷூவின் அடிப்பாகம் பிய்ந்து, பாதம் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவர் அன்று திரும்ப ஆடவில்லை.

மறுநாள் பங்குச் சந்தையில் நைக்கின் பங்கு ஏறக்குறைய 1 சதவீதம் இறங்கியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு 1 சதவீதம் என்றால் 100 கோடி டாலருக்கு மேல். ஒரு கல்லூரி முதலாண்டு மாணவனின் ஷூ கிழிந்ததற்கு.

அந்த அரங்கில் அன்று யார் யாருக்குப் பணம் கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். ஒளிபரப்பிய தொலைக்காட்சிக்கு விளம்பர வருமானம். பயிற்சியாளருக்குக் கோடிகளில் சம்பளம். தங்கள் ஷூவையும் சட்டையையும் அணிவதற்காக ஒப்பந்தம் போட்ட நிறுவனத்துக்கு உலகளாவிய விளம்பரம். பல்கலைக்கழகத்துக்கு டிக்கெட், ஒளிபரப்பு, நன்கொடை என்று எல்லா வழியிலும் வரவு. வில்லியம்சனுக்கு விதிப்படி கிடைக்கக்கூடியது படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், கூடவே கைச்செலவுக்கு ஒரு சிறு தொகை. அதற்கு மேல் விளம்பரத்தில் நடித்தோ, கையெழுத்து விற்றோ ஒரு டாலர் வாங்கினாலும் அவர் ஆடத் தகுதி இழந்துவிடுவார்.

கல்லூரி வீரர்களுக்கு ஸ்காலர்ஷிப்புக்கு மேல் பணம் தர வேண்டுமா என்ற கேள்வி அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2021இல் அதற்கான கதவு பாதி திறந்தது, 2025இல் இன்னும் கொஞ்சம் திறந்தது. பிள்ளைகள் அங்கே படிக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும், ஆனால் அடிப்படை பலருக்குப் பிடிபடுவதில்லை. அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

கல்லூரி ஆட்டம் எப்படி இவ்வளவு பெரிய தொழிலானது?

நம் ஊரில் கல்லூரி விளையாட்டு என்றால் மண்டலப் போட்டி, ஒரு கோப்பை, பேப்பரில் நான்கு வரிச் செய்தி. அமெரிக்காவில் அப்படியில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். (இங்கே ஃபுட்பால் என்பது காலால் உதைக்கும் நம் கால்பந்து அல்ல, தலைக்கவசம் போட்டு மோதும் அமெரிக்கன் ஃபுட்பால்.) கல்லூரிகளை ஒருங்கிணைக்கும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதில் ஏறக்குறைய 1,100 கல்லூரிகள், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். மார்ச் மாதம் நடக்கும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையிலிருந்து மட்டும் அதற்கு ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் வருகிறது. ஃபுட்பால் பணம் இதில் சேராது. பிக் டென் என்ற ஒரே ஒரு கல்லூரிக் கூட்டணி 2022இல் ஏழு ஆண்டு ஒளிபரப்புக்குப் போட்ட ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல்.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது, புதிதாகக் கேட்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான். 'சம்பளம் வேண்டுமென்றால் நேராகத் தொழில்முறை லீகுக்குப் போக வேண்டியதுதானே?' என்பார்கள். போக முடியாது. ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்., பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாதவரை எடுக்காது. கூடைப்பந்தின் என்.பி.ஏ. 19 வயதாகியிருக்க வேண்டும், பள்ளி முடித்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. ஆக, 18 வயதில் நாட்டின் தலைசிறந்த ஃபுட்பால் வீரனாக இருந்தாலும் கல்லூரிதான் நடைமுறையில் ஒரே வாசல். அந்த வாசலில் சம்பளம் இல்லை என்று எல்லாக் கல்லூரிகளும் சேர்ந்து முடிவெடுத்து வைத்திருந்தன.

அது எப்போதுமே தூய மாணவர் பொழுதுபோக்காக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் முதல் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி 1852இல் ஹார்வர்டுக்கும் யேலுக்கும் நடந்த படகுப் போட்டி. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஏரி ஒன்றில் அதை நடத்தச் செலவு செய்தது ஒரு ரயில் நிறுவனம், தன் பாதைக்குப் பயணிகள் வர வேண்டும் என்று. முதல் நாளே வணிகம் உள்ளே வந்துவிட்டது. துடுப்புப் போட்டவர்கள்தான் கல்லூரி மாணவர்கள்.

'மாணவ-வீரர்': ஒரு சொல் பிறந்த கதை

என்.சி.ஏ.ஏ. எப்போதும் வீரர்களை 'மாணவ-வீரர்' என்றுதான் சொல்லும். கேட்கக் கௌரவமாகத்தான் இருக்கிறது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபிறகு என்னால் அதைச் சாதாரணமாகப் படிக்க முடிவதில்லை.

1955 செப்டம்பரில், கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் என்ற சிறிய கல்லூரிக்காக ரே டென்னிசன் என்பவர் ஃபுட்பால் ஆடினார். படையில் பணியாற்றிவிட்டு வந்தவர், திருமணமானவர், குழந்தைகள் உண்டு. ஆட்டத்தின் தொடக்க உதையிலேயே எதிரணி வீரரைத் தடுக்கப் பாய்ந்தபோது தலையில் அடி. அடுத்தடுத்த நாளுக்குள் இறந்துபோனார். அவர் மனைவி, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி உதவித்தொகை கேட்டார். என் கணவர் கல்லூரிக்காக வேலை செய்தார், வேலையில் செத்தார் என்பதுதான் வழக்கு. 1957இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் மறுத்தது. கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, ஆகவே அவர் தொழிலாளி இல்லை என்பது அதன் நிலை.

என்.சி.ஏ.ஏ.வை 1951 முதல் 1987 வரை நடத்தியவர் வால்டர் பையர்ஸ். 'மாணவ-வீரர்' என்ற சொல்லை அந்தக் காலத்தில் உருவாக்கி, எல்லா விதிகளிலும் புகுத்தியது தாங்கள்தான் என்று அவரே பின்னாளில் எழுதினார். வீரர்களை ஊழியர்கள் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிடுமோ என்ற பயம்தான் காரணம் என்றும் மறைக்காமல் சொன்னார். ஓய்வுபெற்ற பிறகு அவர் இந்த அமைப்பையே கடுமையாக விமர்சித்தார். முப்பத்தாறு ஆண்டு அதைக் கட்டிக் காத்தவரின் சாட்சி என்பதால் அதற்குக் கனம் அதிகம்.

காசு வாங்காமல் ஆடுபவரைக் குறிக்கும் 'அமெச்சூர்' என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு பூர்வீகம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், உடல் உழைப்பால் பிழைப்பவர்களைப் படகுப் போட்டிகளிலிருந்து விலக்கி வைக்க எழுதிய விதிகளில் அது புழங்கியது. கைவினைஞரும் கூலித் தொழிலாளியும் அமெச்சூர் ஆக முடியாது. காசு வாங்காமல் விளையாடுவதே உயர்வு என்பது, காசு தேவைப்படாதவர்கள் போட்ட விதி.

விதிகள் எவ்வளவு நுணுக்கமாகப் போயின என்பதற்கு ஒரு சாப்பாட்டு உதாரணம். ஒரு காலத்தில், வீரர்களுக்கு இடைத்தீனியாகப் பேகல் என்ற வட்ட ரொட்டியைக் கல்லூரி கொடுக்கலாம். அதன் மேல் கிரீம் சீஸ் தடவக் கூடாது. தடவினால் அது முழு உணவு, கூடுதல் சலுகை, விதிமீறல். 2014இல் கனெக்டிகட் அணிக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுத்திருக்கிறேன் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அதே ஏப்ரலில் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள்.

ஸ்காலர்ஷிப்பே சம்பளம்தானே?

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இது, இதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. முன்னணித் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இன்று ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டுகிறது. நான்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். கூடவே தனிப் பயிற்சி, மருத்துவர், சத்துணவு, உலகத்தரமான ஜிம். கடன் வாங்கிப் படிக்கும் பக்கத்து இருக்கை மாணவனுக்கு இது எவ்வளவு பெரிய வரம்!

ஆனால் முழு ஸ்காலர்ஷிப் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2025 வரை என்.சி.ஏ.ஏ.வின் பெரிய பிரிவில் (டிவிஷன் 1) ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு மொத்தமே 4.5 ஸ்காலர்ஷிப்தான் அனுமதி. பேஸ்பால் அணிக்கு 11.7. எட்டுப் பேரோ முப்பது பேரோ அதைத் துண்டு போட்டுப் பகிர்ந்துகொள்வார்கள். 1973 முதல் பல பத்தாண்டுகளுக்கு அது ஓராண்டு உதவித்தொகைதான். அடுத்த ஆண்டு புதுப்பிப்பது பயிற்சியாளர் கையில்.

அடுத்தது, அந்தப் படிப்பின் தரம். இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் முதுகலை படித்தது பெரிய ஃபுட்பால் அணி உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில், பெயர் வேண்டாம். கைச்செலவுக்கு இளங்கலைப் புள்ளியியல் பாடத்துக்கு டி.ஏ.வாக, அதாவது பேராசிரியருக்குக் கற்பித்தல் உதவியாளராக இருந்தேன். சந்தேகம் கேட்க ஒரு பையன் வருவான். என் அறைக் கதவில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவான், அவ்வளவு அகலம். முழங்காலில் ஐஸ் பையை வைத்து, சமையலறையில் பாத்திரம் மூடும் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டியிருப்பான். காலை ஐந்தரைக்கு எடைப் பயிற்சி, பிறகு வகுப்பு, மதியம் மைதானம், இரவு ஆட்ட வீடியோ. நான் திட்டவிலக்கத்தை விளக்கிக்கொண்டிருப்பேன். ஐஸ் உருகித் தரையில் சொட்டும். நிமிர்ந்து பார்த்தால் கண் செருகியிருக்கும். எழுப்பினால் மன்னிப்புக் கேட்பான், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

இயந்திரவியல் படிக்க ஆசைப்பட்டு வந்தவன் அவன். ஆய்வுக்கூட நேரமும் பயிற்சி நேரமும் ஒன்றாக வந்ததால், வேறு துறையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். வளாகப் புத்தகக் கடையில் அவன் எண் போட்ட சட்டை தொங்கும். எண் மட்டும், பெயர் இருக்காது. பெயர் போட்டால் அவனை வைத்துச் சம்பாதிப்பதாகிவிடுமாம். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அந்த எண் யாருடையது என்று தெரியும். அவனுக்கு வந்தது பூஜ்யம்.

இது என் கண்ணில் பட்ட ஒருவனின் கதை. இதைவிடப் பெரியது வட கரோலினா பல்கலைக்கழகத்தில் வெளிவந்தது. 1993 முதல் 2011 வரை அங்கே ஒரு துறையில் வகுப்பே நடக்காத 'வகுப்புகள்' இருந்தன. ஒரு கட்டுரை கொடுத்தால் நல்ல மதிப்பெண். 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் இதில் சேர்ந்திருந்தார்கள், அதில் ஏறக்குறைய பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள் என்று 2014இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. கல்விதான் உங்கள் கூலி என்று சொல்லி அழைத்து வந்தவர்களுக்கு அந்தக் கூலியும் கள்ளத் துட்டாகவே கிடைத்தது.

நேரக் கணக்கையும் பாருங்கள். விதிப்படி வாரத்துக்கு 20 மணி நேரம்தான் விளையாட்டுக்கு. 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்கள் தொழிற்சங்கம் அமைக்க அனுமதி கேட்டபோது, தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி அவர்கள் நேரத்தைக் கணக்கெடுத்தார். பயிற்சி முகாமில் வாரம் 50 முதல் 60 மணி, சீசனில் 40 முதல் 50 மணி. முழுநேர வேலைக்கு மேல். இவர்கள் ஊழியர்களே என்று அவர் தீர்ப்பளித்தார். ஆனால் மறு ஆண்டு மேல்வாரியம், இது எங்கள் அதிகாரத்துக்குள் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயமில்லை என்று ஒதுங்கிவிட்டது. ஊழியரா இல்லையா என்பதற்கு அன்று பதிலே சொல்லவில்லை.

எப்படியும் பின்னால் என்.எஃப்.எல்.லில் சம்பாதிப்பார்களே என்பது பலருடைய நினைப்பு. கல்லூரி ஃபுட்பால் வீரர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட அங்கே போவதில்லை. மற்ற எல்லோருக்கும், அவர்கள் உடம்புக்குச் சந்தையில் விலை இருப்பது இந்த நான்கு ஆண்டுகளில் மட்டும்தான்.

நீதிமன்றம் மாற்றியது என்ன?

எட் ஓபேனன் 1995இல் யு.சி.எல்.ஏ. அணிக்குப் பட்டம் வென்றவர். பல ஆண்டு கழித்து, கார் விற்பனை வேலையில் இருந்தபோது, நண்பர் வீட்டுப் பையன் ஆடிய வீடியோ கேமில் தன்னையே பார்த்தார். அதே உயரம், அதே மொட்டைத் தலை, அதே 31ஆம் எண், அதே இடக்கை ஆட்டம். பெயர் மட்டும் இல்லை. அனுமதியும் கேட்கவில்லை, காசும் தரவில்லை. 2009இல் வழக்குப் போட்டார். 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் ஒரு பகுதி குறைந்தாலும், என்.சி.ஏ.ஏ.வின் விதிகளும் போட்டிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே என்பது நிலைத்தது.

போட்டிச் சட்டம் என்றால் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், மொத்த வழக்கும் இதில்தான் நிற்கிறது. ஓர் ஊரில் உள்ள எல்லா ஆலைகளும் சேர்ந்து, இனிமேல் யாரும் தொழிலாளிக்கு இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டால் அது அமெரிக்காவில் சட்டவிரோதம். ஒரு ஆலை குறைவாகக் கொடுத்தால், நல்ல தொழிலாளி அடுத்த ஆலைக்குப் போக வழி இருக்க வேண்டும். கல்லூரிகள் சேர்ந்து செய்ததும் அதே ஒப்பந்தம்தான் என்பது வீரர்களின் வாதம். 2021 ஜூன் 21இல், ஆல்ஸ்டன் என்ற முன்னாள் கல்லூரி வீரரின் பெயரில் நடந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக வீரர்கள் பக்கம் நின்றார்கள். அந்தத் தீர்ப்பு கல்வி சார்ந்த சலுகைகளைப் பற்றியது மட்டும். ஆனாலும் தனியாகத் தீர்ப்பு எழுதிய நீதிபதி கவனா, என்.சி.ஏ.ஏ. சட்டத்துக்கு மேலானதல்ல என்று வெளிப்படையாக எழுதினார்.

பத்தே நாளில், ஜூலை 1இல், இன்னொரு கதவு திறந்தது. என்.ஐ.எல். என்று சொல்வார்கள், வீரர் தன் பெயரையும் படத்தையும் சாயலையும் விற்றுச் சம்பாதிக்கும் உரிமை. கலிஃபோர்னியா 2019இலேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது, மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன, என்.சி.ஏ.ஏ.வுக்கு வேறு வழி இல்லாமல் போனது. இந்தப் பணம் கல்லூரி தருவதல்ல, வெளியிலிருந்து வருவது. உள்ளூர் பீட்சா கடை விளம்பரமும் உண்டு, பெரிய நிறுவன ஒப்பந்தமும் உண்டு. அயோவாவின் கூடைப்பந்து வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் கல்லூரியில் இருக்கும்போதே நாடறிந்த விளம்பர முகமானார்.

கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம் என்பது 2025இல்தான் வந்தது. நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரில் நடந்த வழக்கின் சமரசத்தை அதே நீதிபதி வில்கன் ஜூன் 6இல் ஏற்றார். 2016 முதல் ஆடியவர்களுக்கு இழப்பீடாக சுமார் 280 கோடி டாலர், பத்து ஆண்டில். இனிமேல் ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு முதலாண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை பங்கு தரலாம். ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பும் போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்தது.

வெளிநாட்டு மாணவர்கள் இதிலும் வெளியே நிற்கிறார்கள். எஃப்-1 விசாவில் வருபவர் அனுமதியில்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய முடியாது என்பது அங்கே படித்த எந்தத் தமிழ் மாணவருக்கும் மனப்பாடம். வீரர்களுக்கும் அதே கதைதான். சென்னையில் டென்னிஸ் பழகிய சோம்தேவ் தேவ்வர்மன் விர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு ஆண்டும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றார். அவர் காலத்தில் யாருக்கும் பணம் இல்லை. இன்று அப்படி ஒருவர் இங்கிருந்து போய் ஜெயித்தால், உடன் ஆடும் அமெரிக்கர் விளம்பர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம், இவர் விசாவை நினைத்துத் தயங்க வேண்டும்.

உண்மையான சிக்கல் எங்கே?

பணம் கொடுத்தால் விளையாட்டின் தூய்மை கெடும் என்பதை நான் வாதமாகவே எடுத்துக்கொள்வதில்லை. 2023இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்ப ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். பயிற்சி தர வேண்டாம், போய்விடுங்கள் என்று சொல்வதற்கு அவ்வளவு பணம் இருக்கும் இடத்தில், ஆடுகிறவனுக்குக் கொடுத்தால்தான் கெட்டுவிடுமா? அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் ஆளுநர் அல்ல, கல்லூரி கோச்.

என்னை உறுத்தும் கேள்வி வேறு. வருமானம் தருவது ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும்தான். நீச்சல், தடகளம், துடுப்பு, மல்யுத்தம் எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. விளையாட்டில் செலவைவிட வரவு அதிகமுள்ள கல்லூரிகள் நாடு முழுவதும் இரண்டு டஜன் அளவுக்குத்தான். ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கொடியோடு நடப்பவர்களில் பாதிக்கும் மேல் கல்லூரி விளையாட்டில் வளர்ந்தவர்கள். ஃபுட்பால் வீரனுக்கு அவன் பங்கைக் கொடுத்தால் நீச்சல்குளத்தை மூடுவார்களா? 2025 மார்ச்சில் கால் பாலி பல்கலைக்கழகம் நீச்சல் அணிகளைக் கலைத்தபோது, வரவிருந்த இந்தச் சமரசத்தையும் ஒரு காரணமாகச் சொன்னது. இந்த அச்சம் பொய்யில்லை.

ஆனால் ஸ்டான்ஃபோர்ட், கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம் என்ற விதி வருமுன்பே, 2020இல் 11 விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்தது. பழைய மாணவர்கள் போராடிய பிறகு மறு ஆண்டு திரும்பப் பெற்றது. சிறிய விளையாட்டுகளைக் காப்பதும் கைவிடுவதும் நிர்வாகத்தின் விருப்பத்தில் இருக்கிறது. துடுப்புப் படகின் செலவை ஒரு ஃபுட்பால் வீரனின் கழுத்தெலும்பு சுமக்க வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லாது. அதிலும் பெரிய ஃபுட்பால், கூடைப்பந்து அணிகளில் கணிசமானோர் கறுப்பின இளைஞர்கள், பலர் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள். துடுப்பு, டென்னிஸ், நீச்சலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் வசதியான வீடுகள். பணம் எந்தத் திசையில் ஓடிக்கொண்டிருந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் எனக்கு இவ்வளவு உறுதி இல்லை. 1972இன் டைட்டில் ஒன்பது சட்டம், கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. அமெரிக்கப் பெண்கள் விளையாட்டு வளர்ந்ததே இந்தச் சட்டத்தின் நிழலில். புதிய பங்கில் பல கல்லூரிகள் கையாளும் கணக்கு, முக்கால் பங்கு ஃபுட்பாலுக்கு, 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்துக்கு, 5 பெண்கள் கூடைப்பந்துக்கு, மிச்சம் 5 மற்ற எல்லோருக்கும். இழப்பீட்டுத் தொகையும் இதே போக்கில் பிரிந்ததால், சில வீராங்கனைகள் உடனே மேல்முறையீடு செய்தார்கள். சந்தை இப்படித்தான் விலை போடுகிறது என்பது ஒரு பதில். பெண்கள் ஆட்டத்தை இத்தனை ஆண்டு ஒளிபரப்பாமலும் விளம்பரப்படுத்தாமலும் வைத்திருந்தது யார் என்பது எதிர்க்கேள்வி. நான் எதிர்க்கேள்வியின் பக்கம் சாய்கிறேன். ஆனால் நியாயமான பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்டால் என்னிடம் எண் இல்லை.

வீரர்கள் ஆண்டுக்கு ஆண்டு அணி மாறுகிறார்கள், விசுவாசம் போய்விட்டது என்ற புலம்பலும் இப்போது அதிகம். மாறத்தான் செய்கிறார்கள். வழக்கமான வேலை ஒப்பந்தம் இருந்தால், இத்தனை ஆண்டு, இவ்வளவு சம்பளம், நடுவில் போனால் இவ்வளவு நட்டம் என்று எழுதிவைக்கலாம். கோச்சுகளுக்கு அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதற்கு வீரரை ஊழியர் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்த ஒரு சொல்லைத்தான் கல்லூரிகள் இன்றுவரை தொட மறுக்கின்றன. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 13க்கு 2 என்று சங்கத்துக்கு வாக்களித்தார்கள். கல்லூரி பேச மறுத்தது. ஆண்டு முடிவில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஆகவே இன்று ஒரு முன்னணி ஃபுட்பால் வீரர் கல்லூரியிடம் பங்கு வாங்கலாம், கார் விளம்பரத்தில் நடிக்கலாம், சட்டையில் தன் பெயரைப் போட்டு விற்கலாம். பெரிய பிரிவில் ஆடும்போது ஏற்பட்ட காயத்துக்கு, கல்லூரியை விட்ட பிறகும் இரண்டு ஆண்டு வரை மருத்துவச் செலவும் 2024 முதல் உண்டு. ஆனால் அவர் கையெழுத்திடும் தாளில் 'ஊழியர்' என்ற சொல் இருக்காது. தொடக்க உதையில் பாய்ந்து தலையில் அடிபட்டு அவர் இறந்துபோனால், தொழிலாளர் இழப்பீடு கேட்டு நீதிமன்றப் படியேறும் மனைவி, 1957இல் டென்னிசனின் மனைவி நின்ற அதே இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.